எந்தப் பாட்டு எளிது, எது கடினம்?
(நம் சமுதாயக் கூடத்தில் புல்லாங்குழல் வகுப்புப் பெற்றோர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

சனிக்கிழமை குழல் வகுப்பு தொடங்கியபோது 11 பிள்ளைகள் வந்தார்கள். இப்போது 6 பேர்தான். நின்றுபோன ஐந்து வீட்டிலும் கேட்டுப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "அவனுக்கு வரலை சார்." எது வரவில்லை என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஓய்வுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் பழகுகிறேன். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று நாம் படிக்கும் வரிசையைப் புரந்தரதாசர் ஏற்படுத்தினார் என்பது மரபு. தொடக்க ராகம் மாயாமாளவகௌளை. தொண்டைக்கு அது அருமையான ஏற்பாடு. குழலுக்கு அப்படி இல்லை.

காரணத்தை விரலை வைத்தே சொல்லிவிடலாம். நம் கர்நாடகக் குழலில் வாய்ப் பக்கத்திலிருந்து எண்ணி முதல் இரண்டு துளைகளை மூடினால் ஸட்ஜம். ஒன்றை மட்டும் மூடினால் சதுச்ருதி ரிஷபம். எல்லாவற்றையும் திறந்தால் காந்தாரம். இப்படி முழுசாக மூடி, முழுசாகத் திறந்து வாசித்தால் தானாக வருவது ஹரிகாம்போஜி. மாயாமாளவகௌளை வேண்டுமென்றால் ரிஷபத்துக்கு இரண்டாவது துளையில் பாதி, தைவதத்துக்கு ஐந்தாவதில் பாதி, நிஷாதத்துக்கு மூன்றாவதில் பாதி. நம் ஏரி மதகுபோலத்தான். முழுசாகத் திறப்பது யாருக்கும் முடியும். கொஞ்சமாகத் திறந்து அளவாகத் தண்ணீர் விடுவதற்குக் கை பழக வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் மாதமே மூன்று பாதித் துளைகள் என்றால் சுருதி சேராது. சேராததைத்தான் நாம் "வரலை" என்கிறோம். அதனால்தான் குழல் ஆசிரியர்களில் சிலர் ஹரிகாம்போஜியிலோ, ஒரே ஒரு பாதித் துளை உள்ள சங்கராபரணத்திலோ தொடங்குகிறார்கள். நம் வாத்தியார் அப்படிச் செய்தபோது "புத்தகத்தில் இப்படி இல்லையே" என்று இங்கே ஒருவர் சண்டைக்கே போனார். அவர் பெயர் வேண்டாம், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்!

இன்னொரு இடம், காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்குப் போவது. காந்தாரத்தில் எல்லா விரலும் மேலே. மத்யமத்துக்கு ஆறு விரலும் ஒன்றாகக் கீழே இறங்க வேண்டும், காற்றையும் கூட்ட வேண்டும். பாடுகிறவருக்கு அது அடுத்த படி. குழல்காரருக்கு வாய்க்காலைத் தாண்டுவது.

இதை வைத்து இரண்டு கீதங்களைப் பாருங்கள். முதலில் சொல்லித்தருவது மலஹரி கீதம். அதில் வாய்க்காலும் உண்டு, ரிஷபம், தைவதம் என்று இரண்டு பாதித் துளைகளும் உண்டு. பின்னால் வரும் மோகனக் கீதம் 'வரவீணா'வில் பாதித் துளையே கிடையாது, தாண்டுதல் மட்டும்தான். இரண்டுமே மேல் ஸ்தாயி ரிஷபம் வரை போகின்றன. ஆக, குழலுக்கு மோகனம்தான் முதல், மலஹரி பிறகு. சுத்த ஸாவேரி கீதத்திலும் பாதித் துளை இல்லை. பேங்க் புத்தி, கணக்குப் போட்டுத்தான் பார்ப்பேன். ஆனால் இதற்குப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை.

வேகமான பாட்டுதான் கடினம் என்ற எண்ணமும் சரியில்லை. ஒரு ஸ்வரத்தை நாலு அட்சரம் ஆடாமல் பிடிப்பது சின்னப் பிள்ளைக்கு அதைவிடச் சிரமம். மூச்சு தீர்ந்துவிடும். சௌக்க காலக் கீர்த்தனை ஒன்றைக் கொடுத்துவிட்டு "மெதுவான பாட்டுதானே" என்று சொல்லாதீர்கள்.

மேல்நாட்டுக் குழலுக்கு லண்டன் தேர்வு வாரியங்கள் 1 முதல் 8 வரை கிரேடு பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பாட்டுப் பட்டியல் போடுகின்றன. அங்கே பிரிப்பது அந்த வாத்தியத்தைப் பார்த்து. நாம் வாய்ப்பாட்டுப் பாடத்தை அப்படியே எடுத்துக் குழலுக்குக் கொடுக்கிறோம். வித்தியாசம் அதுதான்.

"மாலி ஏழு வயதில் மேடை ஏறவில்லையா?" என்று ஒரு தாத்தா கேட்டார். ஏறினார். 1926-ல் திருவிடைமருதூரில் பிறந்த டி.ஆர். மகாலிங்கம் குழலைக் குரல்போலப் பேச வைத்தவர். அவரை வைத்து நம் பி பிளாக் பிள்ளையை அளப்பது, எனக்குத் தெரிந்தவரை, பிள்ளைக்கும் மாலிக்கும் செய்யும் அநியாயம். அதேபோல, என். ரமணி கையில் பார்த்த நீளக் குழலை ஆசையாக வாங்கி வராதீர்கள். துளைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், சின்ன விரல் எட்டாது. ஐந்து கட்டைக் குட்டைக் குழல் போதும்.

ஆண்டு விழாவுக்கு வர்ணம் வேண்டும் என்று மூன்று பெற்றோர் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். வாத்தியாரும் நானும் பேசியதில், 'வரவீணா'வை ஆறு பேரும் சேர்ந்து வாசிப்பது; இரண்டு பெரிய பிள்ளைகள் மட்டும் மோகன வர்ணத்தின் பல்லவியை முதல் காலத்தில் வாசிப்பது என்று முடிவு. நின்ற ஐந்து பேருக்கும் மோகனத்திலிருந்து மறுபடி தொடங்கலாம் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். அந்த வீடுகளுக்கு இந்த வாரமே நான் வருகிறேன். பயிற்சி நேரம் மாலை 6 முதல் 7 வரை. நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் கவலைப்பட வேண்டாம்.