தீராத சளியும் பெற்றோர் பொறுப்பும்



குழந்தைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களுடைய உடல்நலனும் அதில் அடங்கும்.

நம் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள் உள்ளன. அவை இடைவிடாது அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு வெளியே தள்ளுகின்றன. சில குழந்தைகளுக்கு இவை பிறவியிலேயே சரிவர அசைவதில்லை. சளி தேங்கி, மூக்கிலும் காதிலும் நுரையீரலிலும் மாறி மாறித் தொற்று உண்டாகிறது. மருத்துவர்கள் இதனைப் ‘பிரைமரி சிலியரி டிஸ்கினீசியா’ என்பர். இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயம் வலப்புறம் அமைந்திருக்கும். இந்நோயாளிகளின் நுண்மயிர்களில் உள்ள குறையை 1976இல் சுவீடன் அறிஞர் அஃப்சீலியஸ் எடுத்துக்காட்டினார்.

நிறைமாதத்தில் பிறந்தும் மூச்சுத் திணறல், பிறந்தது முதல் மூக்கடைப்பு, ஆண்டு முழுவதும் சளி இருமல் ஆகியவை இருப்பின் ‘வெறும் சளிதானே’ என்று விட்டுவிடாதீர்கள். இதை ஆஸ்துமா என்று கருதிக் காலம் கடந்துவிடுவதும் உண்டு.

தாயின் மீது பழி சுமத்தாதீர்கள்! இது பெரும்பாலும் தாய், தந்தை இருவர் வழியாகவும் வரும் மரபணுக் குறை. நெருங்கிய உறவில் மணமுடித்தோரின் பிள்ளைகளுக்கு இதற்கான வாய்ப்பு கூடுதல். முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. எனினும் அன்றாடம் சளியை வெளியேற்றும் பயிற்சியும், தடுப்பூசியும், தொற்றுக்கு உடனடிச் சிகிச்சையும் நுரையீரலைக் காக்க உதவும்.

மருத்துவம் செய்வது நம் கடமை. நிவாரணம் அளிப்பவன் அல்லாஹ்.