உராய்வினால் விளையும் நன்மையும் தீமையும்



ஒரு பொருள் மற்றொரு பொருளின்மேல் நகரும்போதும், நகர முற்படும்போதும், அந்நகர்ச்சியைத் தடுக்கும் சக்தியொன்று அவ்விரண்டிற்குமிடையே தோன்றுகிறது. இதற்கு உராய்வு என்று பெயர். இது கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் குடியானவனுடைய வாழ்வில் இதன் சம்பந்தமில்லாத நாழிகை ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் காரைக்கால் பகுதியின் களிமண் வரப்பில் நடப்பவன் கால்விரல்களை அழுந்த ஊன்றுவது உராய்வைத் தேடியேயாகும். நெற்கட்டின்மேல் கயிற்று முடிச்சு நிற்பதும், சுவரில் அறைந்த ஆணி கழன்று விழாதிருப்பதும் இதனாலேயே.

காரைக்கால் 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாகி, இடையிடையே ஆங்கிலேயர் கைக்கு மாறி, 1954ஆம் ஆண்டில் இந்தியாவுடன் சேர்ந்தது யாவரும் அறிந்ததே. உராய்வின் விதிகளை ஆராய்ந்து நிலைநாட்டியவர்களும் அப்பிரெஞ்சு தேசத்தவரே. 1699இல் அமோந்தோன் என்பவர் இரண்டு உண்மைகளை வெளியிட்டார். பாரம் இருமடங்கானால் உராய்வும் இருமடங்காகும் என்பது ஒன்று. தொடும் பரப்பு பெரிதாயினும் சிறிதாயினும் உராய்வு ஏறத்தாழ ஒன்றே என்பது மற்றொன்று. செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தாலும், பக்கவாட்டில் நிறுத்தி இழுத்தாலும் வேண்டிய பலம் ஏறக்குறைய சமமாகவே இருக்கக் காணலாம். பின்னர் 1780களில் குலோம் என்னும் பொறியாளர் இதனை மேலும் விரிவாகச் சோதித்தார். நின்ற பொருளை அசைக்க வேண்டிய பலம், அசைந்த பொருளைத் தொடர்ந்து நகர்த்த வேண்டிய பலத்தைவிட அதிகமென்பதையும் அவர் விளக்கினார்.

இதற்கு உதாரணம் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. திருநள்ளாற்றிலாயினும் திருவாரூரிலாயினும் தேர் நிலையினின்று பெயரும் கணத்திலேதான் வடம் பிடிப்போர் பெரும்பாடு படுகின்றனர். பெயர்ந்தபின் அத்தனை வருத்தம் இல்லை. ஓடுந் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தின்கீழ் இடும் முட்டுக்கட்டையே. பிறர் காரியத்தைத் தடுப்பவனை முட்டுக்கட்டை என்று ஏசுவது வழக்கம். தேரோட்டத்தன்றோ ஜனங்களின் உயிரைக் காப்பது அம்முட்டுக்கட்டையின் உராய்வே.

இனி இதனால் வரும் கெடுதியைக் கவனிப்போமாக. உராயுமிடத்தில் உஷ்ணம் உண்டாகிறது, பொருளும் தேய்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. மாட்டு வண்டி மிகுந்திருந்த காலத்தில் அச்சுக்கு மை போடாதவனுடைய மாடு வீணே இளைத்தது. பாரத்தை இழுக்கும் பலத்தோடு, அச்சின் உராய்வை வெல்லும் பலத்தையும் அது செலவிட நேர்ந்தது. இன்று அந்த மாட்டின் இடத்தில் நீரிறைக்கும் இயந்திரமும் டிராக்டரும் இருக்கின்றன. எண்ணெய் மாற்றாத இயந்திரம் டீசலை அதிகம் குடித்து, விரைவில் பழுதாகிறது. உலகில் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உராய்வை வெல்லுவதிலேயே கழிகின்றதென்று ஹோல்ம்பெர்க், எர்டெமிர் என்னும் நிபுணர்கள் 2017இல் கணக்கிட்டுள்ளனர்.

உராய்வு மிகுதியால் பணம் நஷ்டமாகிறது; அது குறைந்தாலோ உயிரே நஷ்டமாகிறது. அறுவடைக் காலத்தில் நெல்லையும் வைக்கோலையும் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைப்பது காவேரிக் கழிமுகப் பகுதியெங்கும் காணும் வழக்கம். நெல்மணி உருளும் தன்மையது. அதன்மேல் ஏறிய மோட்டார் சைக்கிளின் டயர் சாலையைச் சரிவரத் தொடுவதில்லை. மணிகள் உருள, சக்கரம் அவற்றோடு சறுக்குகிறது. பனியில் நனைந்த வைக்கோலும் அத்தகையதே. அப்பொழுது பிரேக்கை அழுத்துவதால் பயனில்லை. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும், வண்டியை நிறுத்துவது சாலையின் உராய்வே.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, உலர்ந்த நல்ல சாலையில் பிரேக் பிடித்தபின் சுமார் 9 மீட்டரில் நிற்குமெனக் கொள்வோம். உராய்வு பாதியாகக் குறைந்தால் அது நிற்க 18 மீட்டர் வேண்டும். வேகம் இருமடங்கானால் தூரம் நான்கு மடங்காகும். எதிரே குழந்தையோ கன்றுக்குட்டியோ வருமாயின், அந்த 9 மீட்டர் வித்தியாசத்தில் அடங்கியிருப்பது ஓர் உயிர். தேய்ந்து வழுவழுப்பான டயரும் மழைக்காலத்தில் இத்தகைய அபாயத்தையே விளைவிக்கும். டயரிலுள்ள பள்ளங்கள் நீரை வெளியேற்றுவதற்காகவே அமைந்தவை.

சாலையில் நெல் உலர்த்துபவன் பிறருக்குத் தீங்கு நினைப்பவனல்லன். ஈர நெல்லுக்கு விலை குறையும். அவனுக்கு வேறு களமுமில்லை. ஆகவே அவனைக் கடிந்துரைப்பதனால் மட்டும் இவ்வழக்கம் ஒழியாது. ஒருவனால் தனியே கட்டவியலாத சிமெண்டுக் களத்தைப் பலர் கூடிக் கட்டலாம். ஒருவன் வாங்கவியலாத தார்ப்பாய்களைச் சங்கம் வாங்கி முறைவைத்து வாடகைக்கு விடலாம். அறுவடைக்கு முன்னரே எவ்வெவர் எந்நாளில் உலர்த்துவதென்று பட்டியலிட்டுக்கொண்டால் சச்சரவும் இராது. இயந்திர எண்ணெயையும் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாற்ற வேண்டிய தேதியைக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வருதல் நன்று.

உராய்வை ஒழித்துவிட எவராலும் இயலாது. ஒழித்தால் ஓரடி நடக்கவும் இயலாது. அச்சிலே அதைக் குறைக்கவேண்டும், சாலையிலே அதைக் காக்கவேண்டும். அடுத்த சம்பா அறுவடைக்கு முன் கூடும் பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் தன் ஊர்க் களத்தைப் பற்றி ஒரு தீர்மானம் செய்யுமாயின், அதன் பலன் அந்த அறுவடையிலேயே தெரியும்.