சொத்து சேர்ந்தது, குடும்பம் சேரவில்லை

பெரிய குடும்பங்கள் வீழ்வது பணத்தாலா, பாசம் வற்றுவதாலா? பாசம் வற்றுவதால்தான் என்பதற்கு ஒரு படமே சாட்சி.

2021-ல் வந்த மலையாளப் படம் ‘ஜோஜி’. ஷேக்ஸ்பியரின் ‘மேக்பத்’ கதையைக் கேரளத்துத் தோட்ட வீட்டுக்குள் கொண்டுவந்தார் இயக்குநர் திலீஷ் போத்தன். அப்பா குட்டப்பனுக்கு மூன்று மகன்கள். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் பிடி முழுக்க அப்பா கையில். வளர்ந்த பிள்ளைகள்கூட அவர் முன் வாய் திறப்பதில்லை. அவர் பக்கவாதத்தில் விழுந்ததும் வீட்டில் பாகக் கணக்கு ஓடுகிறது. அவரோ தேறி வருகிறார்! கடைசி மகன் ஜோஜி மாத்திரையை மாற்றிவைத்து அவரைச் சாகடிக்கிறான். சந்தேகப்பட்ட மூத்த அண்ணனும் பலி. முடிவில் ஜோஜியே தற்கொலைக்கு முயன்று, அசையக்கூட முடியாமல் கிடக்கிறான். பணம் இருந்தது, குடும்பம் இல்லை.

“பங்கு கொடுத்திருந்தால் கொலை நடந்திருக்குமா?” என்று எதிரணி கேட்கும். பங்கு கேட்கவே பயந்த வீடு அது! 1985-ல் கே.ஜி. ஜார்ஜ் எடுத்த ‘இரகள்’ படத்து ரப்பர் முதலாளி வீட்டிலும் இதே நோய்தான்.

கேமரன் மலையில் 1929-ல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. கொழுந்து பறித்த நம் தமிழர்களுக்குத் தெரியும்: கவாத்து செய்யாத தேயிலை மரமாகிவிடும், கொழுந்து கைக்கு எட்டாது. அப்பாவின் அதிகாரத்துக்கும் பிள்ளையின் ஆசைக்கும் காலாகாலத்தில் கவாத்து வேண்டும். உயில் எழுதும் முன், பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசுங்கள்.