ஜெர்மன் தளபதியும் தமிழ்ச் சுபேதாரும்

(திருச்சி ஆலைத் தொழிலாளரும் ஸ்ரீரங்கம் தீவின் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு ஜெர்மன் விமானப் படைத் தளபதியின் கதையை இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன். "நாள் பூராவும் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்திருக்கிறோம். நாற்று நட்ட இடுப்பு இன்னும் நிமிரவில்லை. எங்கோ பிறந்த ஜெர்மன்காரன் கதை எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கதையில் நம் தமிழ்நாட்டு மனிதர் ஒருவரின் ரத்தமும் கலந்திருக்கிறது. ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

அந்தத் தளபதியின் பெயர் ஆல்பர்ட் கெஸ்ஸல்ரிங். 1885ல் பவேரியாவில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். 1904ல் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1914ல் மூண்ட முதல் உலக யுத்தம் முழுவதும் பீரங்கிப் படையிலும் தலைமை அலுவலகங்களிலும் பணியாற்றினார். அந்த யுத்தத்தில் ஜெர்மனி தோற்றது. லட்சக்கணக்கான ஜெர்மன் தொழிலாளிகளும் விவசாயிகளும் மண்ணோடு மண்ணானார்கள். அதிகாரி கெஸ்ஸல்ரிங்குக்கோ வேலை போகவில்லை. குறைக்கப்பட்ட புதிய ராணுவத்திலும் அவருக்கு இடம் கிடைத்தது.

யுத்தத்திற்குப் பின் ஏற்பட்ட வெர்சேல்ஸ் உடன்படிக்கைப்படி ஜெர்மனி விமானப் படை வைத்துக்கொள்ளக் கூடாது. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். மே 2ந் தேதி தொழிற்சங்க அலுவலகங்களை நாஜிகள் கைப்பற்றினார்கள். தலைவர்களைச் சிறையில் தள்ளினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கெஸ்ஸல்ரிங் ராணுவ உடுப்பைக் கழற்றிவிட்டு, ரகசியமாக உருவாகிக்கொண்டிருந்த விமானப் படையின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டபோது அவருக்கு வயது 48. 1936ல் விமானப் படைத் தலைமை அலுவலகத்திற்கே தலைவரானார்.

இந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்துப் பாருங்கள். சங்கம் இருந்தால் கூலி உயர்வு கேட்கும். சங்கத்தை ஒழித்தாயிற்று, பொருளாதார மந்த காலத்துக் கூலியிலேயே தொழிலாளியை நிறுத்தி வைத்தாயிற்று. சர்க்கார் பணம் விமான ஆலைகளுக்கும் தளங்களுக்கும் ஓடியது. குண்டு முதலில் விழுந்தது ஜெர்மன் தொழிலாளியின் சோற்றுத் தட்டில்தான். பிறகுதான் அது பிற நாட்டு ஊர்களில் விழுந்தது.

1939ல் போலந்தைத் தாக்கிய விமானப் படைகளில் ஒன்றுக்குக் கெஸ்ஸல்ரிங் தளபதி. 1940 மே 14ல் ஹாலந்தின் ராட்டர்டாம் நகரத்தின் மீது அவரது படையின் விமானங்கள் குண்டு பொழிந்தன. நகரைச் சரணடையச் செய்யும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது! ஊரின் நடுப்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தனர். இரண்டு மாதம் கழித்து ஹிட்லர் அவருக்கு பீல்டு மார்ஷல் பட்டம் அளித்தான். பிறகு லண்டன். 1941 ஜூன் 22ல் சோவியத் யூனியன். அந்த ஆண்டு முடிவில் அவரை மத்தியதரைக் கடல் பகுதிக்கு அனுப்பினார்கள்.

இனி கதை நம்மை நோக்கி வருகிறது.

1943ல் நேச நாட்டுப் படைகள் இத்தாலியில் இறங்கின. அங்கே ஜெர்மன் சேனைகளுக்கு கெஸ்ஸல்ரிங்தான் தலைமைத் தளபதி. மலைகளையும் ஆறுகளையும் அரணாக்கி, வழியெங்கும் கண்ணிவெடி புதைத்து, எதிரியை அங்குலம் அங்குலமாகத் தடுப்பதில் அவர் கைதேர்ந்தவர். அந்தத் திறமையை மறுப்பதற்கில்லை. காசினோ மலைக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தப்பட்டவர்களில் இந்தியப் படைப்பிரிவுகளும் இருந்தன. அங்கே காரி என்று ஓர் ஆறு. அகலத்தில் நம்மூர் வாய்க்கால் போன்றது. காவிரியும் கொள்ளிடமும் பார்த்த கண்ணுக்கு அது ஆறாகவே தோன்றாது. ஆனால் வேகம் பொல்லாதது. 1944 மே மாதம் இரவில், குண்டு மழைக்கு நடுவே, இந்தியச் சிப்பாய்கள் அதைக் கடந்தார்கள்.

அவர்களுக்குப் பாலம் போட்டவர்கள், பாதை வெட்டியவர்கள், கண்ணிவெடி அகற்றியவர்கள் யார்? அவர்களில் மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் உண்டு. மண்வெட்டி பிடித்துப் பழகிய நம் கிராமத்து மக்கள். அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் அந்தப் படையில் இருந்தார். 1944 பிப்ரவரி 24ந் தேதி, மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி தேடிச் சென்ற குழுவில் ஒருவர் காலடியில் வெடி கிளம்பிவிட்டது. ஓட நேரமில்லை. சுப்பிரமணியன் அதன் மேல் பாய்ந்து விழுந்து, தன் உடலால் அதை மூடினார். கூட வந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் இறந்தார். பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது.

சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 24ல், ரோம் நகருக்கு வெளியே ஆர்டியாட்டைன் குகைகளில் 335 பேரை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். முந்திய நாள் இத்தாலிய எதிர்ப்பு வீரர்கள் வைத்த குண்டில் ஜெர்மன் போலீசார் 33 பேர் மாண்டதற்கு, தலைக்குப் பத்து என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கிலும் ஐந்து தலை அதிகம்! ஜூன் மாதம் கெஸ்ஸல்ரிங் ஓர் உத்தரவு போட்டார்: எதிர்ப்பு வீரர்களை ஒடுக்குவதில் வழக்கமான வரம்பை மீறும் அதிகாரியைத் தாம் பாதுகாப்பதாக அதில் வாக்களித்தார். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் மார்சபோட்டோ வட்டாரத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கான கிராம மக்கள் கொல்லப்பட்டார்கள்.

1947 மே மாதம் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் கெஸ்ஸல்ரிங்குக்கு மரண தண்டனை விதித்தது. நியாயம் கிடைத்தது என்று நினைக்கிறீர்களா? அவருக்காகப் பரிந்து பேசியவர் யார் தெரியுமா? சர்ச்சில்! 1943ல் வங்காளத்தில் லட்சோப லட்சம் மக்கள் பஞ்சத்தில் மடிந்தபோது பிரதம மந்திரியாக இருந்த அதே சர்ச்சில். எதிர்த்துப் போரிட்ட ஜெனரல் அலெக்சாண்டரும் சிபாரிசு செய்தார். இரண்டே மாதத்தில் மரண தண்டனை ஆயுள் தண்டனையாயிற்று. பிறகு அதுவும் 21 வருஷமாகக் குறைந்தது. சோவியத்துக்கு எதிராக மேற்கு ஜெர்மனியை மீண்டும் ஆயுதபாணியாக்கும் பேச்சு வலுத்தது. பழைய தளபதிகள் சிறையில் இருப்பது இடைஞ்சலாயிற்று. 1952 அக்டோபரில் உடல்நிலை சரியில்லை என்று விடுவித்தார்கள். வெளியே வந்தவர் பழைய சிப்பாய்கள் சங்கம் ஒன்றுக்குக் கௌரவத் தலைவரானார். சுயசரிதை வெளியிட்டார். இத்தாலியர்கள் தமக்கு ஞாபகச் சின்னம் எழுப்ப வேண்டும் என்றுகூடச் சொன்னார்! பியரோ கலமாந்திரே என்ற இத்தாலியச் சட்ட அறிஞர் அதற்குக் கவிதையிலேயே பதிலடி கொடுத்தார். அதை கூனியோ நகர மக்கள் கல்லில் பொறித்து வைத்தார்கள். 1960 ஜூலையில், 74ம் வயதில், கெஸ்ஸல்ரிங் காலமானார்.

தோழர்களே, சுப்பிரமணியன் எந்த நாட்டோடு யுத்தம் என்பதைத் தீர்மானித்தவரல்ல. இந்தியாவை யுத்தத்தில் இறக்கியபோது வைஸ்ராய் நம் மக்களில் ஒருவரையும் கேட்கவில்லை. பாசிசம் தோற்றது மனித குலத்திற்கு நன்மை. அந்த வெற்றியில் நம் சிப்பாய்களுக்குப் பங்குண்டு. ஆனால் அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தவர் ஒருவர். கொலைகாரனிடம் கருணை காட்டும் உரிமையை எடுத்துக்கொண்டவர் வேறொருவர்.

இது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1752ல் இதே ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுத் தளபதி லா, இங்கிலீஷ்காரர்களிடம் சரணடைந்தான். அவனோடு இருந்தவர்களில் ஏராளமானோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். தளபதியின் பெயரைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சிப்பாய்களின் பெயர்களை யார் எழுதினார்கள்? திருச்சி காந்தி மார்க்கெட் அருகே முதல் உலக யுத்தத்தின் நினைவுச் சின்னம் நிற்கிறது. மூட்டை சுமந்துகொண்டு தினமும் அதைக் கடந்து போகிறோம். ஒரு நாள் நின்று பாருங்கள். நம் ஊரிலிருந்து போனவர்கள் யார், ஏன் போனார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

யுத்தம் வேண்டும் என்று யார் மேடையேறி முழங்கினாலும் நாம் சில கேள்விகள் கேட்போம்: முன்னால் போகிறவன் யார்? லாபம் யாருக்கு? கூலியில் பிடித்தம் யாருக்கு? யுத்தம் முடிந்தபின் மன்னிப்பு யாருக்கு, புதைகுழி யாருக்கு? சங்கம் இருக்கும் நாட்டில்தான் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியும். 1933ல் ஜெர்மன் தொழிலாளி இழந்தது அதைத்தான். அதை நாம் இழக்காமல் காப்போம்!