இரு வீராங்கனைகள்

குத்துச்சண்டைப் போட்டியொன்று நெருங்கும்போது அதன் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட விழைவோர் எங்கும் உளர். தில்லையடி போன்ற களப்போரத்து ஊர்களிலே, பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் மாலை கடைத்தெருவிற் கூடுவோர், எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் பாய்வான் என்று தீர்ப்பளிப்பதைக் கேட்டவர்கள் இந்த இன்பத்தை அறிவர். அதிலே குற்றமில்லை. ஆனால், அந்தக் கணிப்பையே காரணமாகக் காட்டி, போட்டி நடத்த வேண்டியதில்லை என்று ஒருவர் கூறினால்? 2019 ஆம் ஆண்டில் இந்தியாவிலே ஏறக்குறைய அவ்வாறே கூறப்பட்டது.

மணிப்பூரைச் சேர்ந்த மேரி கோம் இலங்கை நேயர்களுக்குப் புதியவரல்லர். 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவிலே, 48 கிலோ எடைப்பிரிவின் அரையிறுதியில் இலங்கையின் அனுஷா கொடிதுவக்குவை எதிர்த்து நின்றவர் அவரே. ஐந்து நடுவர்களும் மேரிக்கே தீர்ப்பளித்தனர். அனுஷா வெண்கலப் பதக்கத்தோடு நாடு திரும்பினார். உலகப் பட்டத்தை அதுவரை ஐந்து முறை வென்றிருந்தவரிடம் அடைந்த தோல்வி அது.

மேரியின் ஆட்டம் இடக்கை ஆட்டம். வலக்காலையும் வலக்கையையும் முன்னே வைத்து நின்று, இடக்கையைப் பின்னே காத்து வைத்திருப்பார். எதிரி முன்னேறி வரும்வரை பொறுத்திருப்பார். வந்ததும் ஓரடி விலகி இரண்டொரு குத்துகளைச் செலுத்திவிட்டு அகன்றுவிடுவார். நெருக்கம் மிகுந்தால் எதிரியின் கைகளைத் தழுவிக் கட்டிவிடுவார். குறை என்று சொல்வதானால் அவர்தம் உடலமைப்பைத்தான் சொல்லவேண்டும். அவருடைய உலகப் பட்டங்களெல்லாம் 45 முதல் 48 கிலோ வரையிலான பிரிவுகளில் வந்தவை. ஒலிம்பிக்கிலோ அந்நாளில் பெண்களுக்கு 51 கிலோவுக்குக் குறைந்த பிரிவு இருக்கவில்லை. ஆகவே தம்மினும் பெரிய உடலினரோடு மோதவேண்டியவரானார். 2012 இல் இலண்டனிலே இங்கிலாந்தின் நிக்கோலா அடம்ஸிடம் 6 க்கு 11 என்ற புள்ளிகளில் தோற்று வெண்கலம் பெற்றதும் அந்தப் பிரிவிலேதான்.

மற்றவர் நிகாத் சரீன். தெலுங்கானாவின் நிசாமாபாத் நகரத்துப் பெண். சவூதி அரேபியாவில் தொழில் புரிந்து, பிள்ளைகளின் முன்னேற்றத்துக்காக ஊர் திரும்பிய தந்தையே அவரைக் குத்துச்சண்டைக்கு ஆற்றுப்படுத்தினார். புத்தளத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தத் தந்தையின் கதை அந்நியமாகத் தோன்றாது. 2011 இல் இளையோர் உலகப் பட்டம் வென்றார் நிகாத். 2017 இல் தோளிலே காயமுற்று நெடுநாள் களத்துக்கு வெளியே நின்றார். 2019 இல் அவருக்கு வயது 23. மேரி முப்பத்தாறைக் கடந்தவர்.

நிகாத் வலக்கை ஆட்டக்காரர், மேரியைவிட உயரமானவர். தொலைவில் நின்று நீட்டிக் குத்துவது அவர் பலம். ஆனால் வலக்கையரும் இடக்கையரும் எதிரெதிரே நிற்கும்போது ஒரு சிக்கல் உண்டாகும். இருவரின் முன்கால்களும் ஒன்றோடொன்று இடறும். முன்கைகள் ஒன்றையொன்று மறிக்கும். யாருடைய முன்கால் எதிரியின் காலுக்கு வெளிப்புறத்தே ஊன்றுகிறதோ, அவருடைய பின்கைக் குத்துக்கே பாதை திறக்கும். இடக்கையர் இந்தக் காலடியை நாள்தோறும் பழகுகின்றார். எதிரே வருவோர் பெரும்பாலும் வலக்கையர் அல்லவா? வலக்கையருக்கோ அப்பழக்கம் எப்போதாவதுதான் வாய்க்கும். அவ்வாண்டு மே மாதம் குவாஹாட்டியில் இருவரும் சந்தித்தபோது மேரியே வென்றிருந்தார்.

ஆகவே கணிப்பு மேரிக்குச் சாதகமே. அக்டோபரில் உலகப் போட்டியிலே அவர் 51 கிலோப் பிரிவில் வெண்கலம் பெற்றதும், ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு அவரையே நேராக அனுப்பலாம் என்று இந்தியக் குத்துச்சண்டைச் சம்மேளனம் எண்ணியது. நிகாத் விளையாட்டுத்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மேரியைத் தாம் மதிப்பதாகவும், நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் கூட ஒவ்வொரு முறையும் தகுதிபெற்றே ஒலிம்பிக் சென்றார் என்றும், தமக்கு வேண்டுவது நேர்மையான ஒரு தேர்வே என்றும் அதிலே கூறினார். மூத்தவரை அவமதித்தார் என்று சிலர் குறைகூறினர். அக்குறை பொருந்தாது. பழைய பெறுபேற்றைக் காட்டிப் பரீட்சையின்றியே ஒரு மாணவனைத் தேர்ந்தெடுத்தால், மற்ற மாணவன் வினா எழுப்புவது அவமதிப்பாகுமா?

2019 டிசம்பர் 28 அன்று புதுடில்லியில் அந்தத் தேர்வு நடந்தது. அழகான ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. பிடிப்பதும் தள்ளுவதுமாகவே பெரும்பொழுது கழிந்தது. நிகாத் விரும்பிய தூரம் அவருக்குக் கிட்டவில்லை. தெளிவாகப் பட்ட குத்துகள் மேரியுடையவை. பத்து நடுவர்களில் ஒன்பதின்மர் மேரிக்கே தீர்ப்பளித்தனர். முடிவிலே மேரி கைகுலுக்க மறுத்தார். வென்றவருக்கு அது ஏற்ற செய்கையன்று.

கணிப்புச் சரியாகவே முடிந்ததே, பின் இத்தனை ஆரவாரம் எதற்கு என்று கேட்கலாம். தேர்விலே தோற்பதும், தேர்வுக்கே அழைக்கப்படாதிருப்பதும் ஒன்றல்ல. முன்னதிலே தோற்றவர் தம் குறையை அறிந்துகொண்டு திரும்புகிறார். பின்னதிலே மனக்குறையை மட்டுமே சுமந்து திரும்புகிறார்.

மேரி 2021 இல் டோக்கியோ ஒலிம்பிக்கிலே கொலம்பியாவின் இங்கிரிட் வலென்சியாவிடம் 3 க்கு 2 என்ற பிளவுபட்ட தீர்ப்பில் தோற்றார். நிகாத் 2022 மே மாதம் இஸ்தான்புல் நகரில் தாய்லாந்தின் ஜித்போங் ஜூதாமாஸை ஐந்து நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பால் வென்று உலகப் பட்டம் சூடினார். மறு ஆண்டு புதுடில்லியிலே 50 கிலோப் பிரிவில் மீண்டும் வென்றார். 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் புறப்பட்டபோது இந்தியர் பலரின் கணிப்பில் பதக்கம் அவருக்கே உறுதியாகியிருந்தது. எனினும் தரவரிசையில் இடம்பெறாமற் சென்றதால், தம் இரண்டாம் ஆட்டத்திலேயே சீனாவின் வூ யூவைச் சந்திக்க நேர்ந்தது. ஐந்து நடுவர்களும் வூ யூவுக்கே தீர்ப்பளித்தனர். அவ்வொலிம்பிக்கின் தங்கமும் அவருக்கே சென்றது.