இல்லாததைச் சொல்லும் வினை

ஆங்கில வகுப்பிலே ‘இஃப் ஐ வேர் எ பேர்ட்’ என்னும் வாக்கியம் வந்தவுடன் மாணவரிடையே ஒரு கலக்கம் தோன்றுவதுண்டு. ‘ஐ’ என்பதன்பின் ‘வாஸ்’ வருமென்று முன்னர்க் கற்பித்த ஆசிரியரே இப்பொழுது ‘வேர்’ என்கின்றார். ஏனென்று வினவும் பிள்ளைக்கு, ‘அது சப்ஜங்க்டிவ், அப்படியே பாடமாக்கு’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அவ்விடையோடு பிள்ளையின் வினவுங் குணமும் அடங்கிவிடுகின்றது. ஆங்கிலம் விளங்கிக்கொள்ளற்குரியதன்று, பாடமாக்கற்குரியதே என்னும் எண்ணம் பன்னிரண்டு வயதில் வேரூன்றிவிடின், பின்னர் அதனைக் களைதல் எளிதன்று.

விளக்கமோ மாணவர் நாவிலேயே இருக்கின்றது. ‘நாளை மழை பெய்தால்’ என்று தமிழ்ப் பிள்ளைகள் நாள்தோறும் கூறுகின்றனர். நாளை என்பது எதிர்காலம். ‘பெய்தால்’ என்பதோ ‘பெய்தது’ என்னும் இறந்தகால வினையின் அடியிலே பிறந்தது. வந்தான், வந்தால், போனான், போனால் எனக் கரும்பலகையில் இணையிணையாக எழுதிக் காட்டுக. ‘வருவால்’ என்று எவருஞ் சொல்லாரென்பதைப் பிள்ளைகளே நகைத்துக்கொண்டு கூறுவர். நடவாத ஒன்றைச் சொல்வதற்கு இறந்தகால உருவத்தை இரவல் வாங்குதல் இருமொழிக்கும் வழக்கம். ‘வேர்’ அங்கே நேற்றைக் குறிக்கவில்லை, இல்லாமையைக் குறிக்கின்றது.

ஒரு வேற்றுமையை மறைத்தலாகாது. ‘மழை பெய்தால் வரமாட்டேன்’, ‘பறவையாயிருந்தால் பறப்பேன்’ என இரண்டிடத்தும் தமிழ் ஒரே உருவத்தை வழங்கும். மழை பெய்யலாம், மனிதன் பறவையாதல் இல்லை. ஆங்கிலம் இவற்றைப் பிரித்து, முன்னதற்கு ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என நிகழ்கால வினையையே இடும். தமிழ் மாணவர் இடறுமிடம் இதுவே. பாடவேளையின் பெரும்பகுதியை இங்கே செலவிடல் வேண்டும். நடக்கக்கூடியது எது, நடவாதது எது என்று பிள்ளைகளைக் கொண்டே தமிழில் வகுப்பித்தபின், ஆங்கிலத்தைத் தொடலாம்.

‘காட் சேவ் த கிங்’ என்பதில் ‘சேவ்ஸ்’ என்று வாராமைக்கும் விடை அருகிலேயே உண்டு. வியங்கோள் எல்லா இடத்துக்கும் பாலுக்கும் பொது என்கின்றது நன்னூல். நீ வாழ்க, அவன் வாழ்க, அவர்கள் வாழ்க, வினை மாறவில்லை. அந்த ஆங்கில வாழ்த்திலும் வினை இடம் நோக்கி மாறாது நிற்கின்றது. இலக்கண வகுப்பிற் படித்த வியங்கோள் ஆங்கில வகுப்பிலே பயன்படுவதைக் காணும் பிள்ளைக்கு உண்டாகும் மகிழ்ச்சி சிறிதன்று.

இத்துணையும் கூறியபின், சிவப்பு மையைப்பற்றியும் ஒரு சொல். சப்ஜங்க்டிவ் அருகிவருகின்றதென்று ஃபவுலர் என்னும் ஆங்கில அறிஞர் 1926ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆங்கிலேயரும் பேச்சிலே ‘இஃப் ஐ வாஸ்’ என்பர். ஆதலின் அவ்வாறு எழுதிய மாணவனுக்கு ‘வேர்’ என்பதே எழுத்துநடைக்குச் சிறந்ததென்று ஓரத்திற் குறித்தல் போதும். புள்ளியைக் குறைத்தல் வேண்டா. ‘ஐ சஜெஸ்ட் தட் ஹீ கம்’ போன்றவை மேல்வகுப்புவரை பொறுத்திருக்கலாம்.