வித்தும் குருதியும்

(அறந்தாங்கியில் தமிழன்பர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற திங்கள் கூட்டம் கலைந்தபின் இளைஞர் ஒருவர் என்னை அணுகி, "ஐயா, மொழியில் அயற்சொல் கலத்தலாகாது என்கிறீர்கள், அங்ஙனமாயின் குருதியிலும் கலப்பின்மை வேண்டுமன்றோ?" என்று வினவினார். பேருந்துக்கு நேரமாயிற்று என்று சொல்லி நழுவிவிட்டேன். அவர் கேட்டதில் பிழையில்லை; நான் விடையிறுக்காமற் போனதே பிழை. அவ்விடையைக் கூறவே இன்று நிற்கின்றேன்.

உயிர்களின் பண்புகளை வகுப்பவை மரபணுக்கள். ஒரே மரபணு ஓரினத்தின் எல்லா உயிர்களிடத்தும் ஒரே வடிவில் அமைந்துவிடுவதில்லை. சிறுசிறு வேறுபாடுகளோடு பல வடிவங்களில் நிற்கின்றது. அவ்வடிவங்களை அயலார் அல்லீல் என்பர். நாம் மாற்றுரு என்போம். பெரும்பாலான மரபணுக்களுக்குத் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக நம்முள் இரண்டு படிகள் உள. நெல்லுக்கும் அவ்வாறே. மாற்றுருக்கள் எத்துணைப் பலவோ அத்துணை உரன் அவ்வினத்துக்கு.

நம் புதுக்கோட்டை மண்ணையே எண்ணிப் பாருங்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடை எட்டிப் பார்க்கும் இப்பகுதி போன்ற சில நீங்கலாக, ஏனைய ஊர்கள் கண்மாயையும் வானத்தையும் நம்பி வாழ்வன. ஓராண்டு வெள்ளம், மற்றோராண்டு வெடித்த வயல். ஆதலின் நம் உழவன் ஒரு நெல்லை மட்டும் நம்பவில்லை. வறட்சிக்கும் உவர்க்கும் ஈடுகொடுக்கக் குழியடிச்சான், ஆளுயரம் கடந்து வளரும் காட்டுயானம், கருங்குறுவை, பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா என்று குதிர்தோறும் வேறு வேறு நெல் வைத்திருந்தான். ஒவ்வொரு பெயரும் ஒரு பட்டறிவு.

1966-இல் பிலிப்பைன்சு நாட்டின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஐ.ஆர். 8 வந்தது. இந்தோனேசியாவின் பீட்டா நெல்லையும் தைவானின் குட்டை நெல் ஒன்றையும் கலந்து பிறப்பித்தது அது. குட்டைத்தன்மையைத் தந்தது ஒரேயொரு மரபணுவின் மாற்றுரு. உரமிட்டாலும் சாயாத தாள், மிகுந்த விளைச்சல். அது பசி தணித்ததை மறுப்பது நன்றிகொல்லல் ஆகும். ஆயினும் ஊரெங்கும் ஒருசில நெல்லே பரவியபோது குதிர்களிலிருந்த மற்றவை ஒவ்வொன்றாய் மறைந்தன.

அதன்பின் நிகழ்ந்ததைக் கேளுங்கள். புகையான் பூச்சி பரப்பும் புல்தழைக் குட்டை நோய் 1970-களில் ஆசிய வயல்களைத் தாக்கிற்று. புதிய நெல்வகைகளில் அதற்கு எதிர்ப்பில்லை. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நெல் மாதிரிகளை ஆய்ந்தனர். எதிர்ப்புரு கிடைத்தது ஒன்றே ஒன்றில்! உத்தரப்பிரதேசத்தில் எடுத்த ஒரு காட்டு நெல். நம் வயலில் முளைத்திருந்தால் களையென்று பிடுங்கி வரப்பில் எறிந்திருப்போம். அதன் மாற்றுருவை ஏற்றுப் பிறந்த ஐ.ஆர். 36, 1976-இல் வெளிவந்தது.

அத்துணைத் தொலைவு போவானேன்? ஆலங்குடிக்கு அருகே வம்பனில் பயறு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் உளுந்தை எவ்வாறு அழிக்கும் என்பதை இங்குள்ள உழவர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. அந்நோயைத் தாங்கும் உளுந்தை நாடி அங்கே காட்டுளுந்தோடு கலந்தும் புதுவகைகளைப் பிறப்பித்திருக்கின்றனர். மாறாக, 1845-இல் அயர்லாந்து மக்கள் ஏறக்குறைய ஒரே வகை உருளைக்கிழங்கையே நம்பியிருந்தனர். கிழங்கைத் துண்டாக்கி நட்டதால் செடிக்குச் செடி மாற்றமில்லை. எவ்வளவு 'தூய்மை' பாருங்கள்! அழுகல் நோய் ஒன்று புகுந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலக்கம் மக்கள் மாண்டனர்.

ஆடுமாடுகளுக்கும் இது பொருந்தும். விராலிமலை வாடிவாசலில் நாட்டுக் காளை இன்னும் நிற்கிறதென்றால், ஏறுதழுவலுக்கென்று அதனை வளர்ப்போர் இருப்பதால்தான்.

இனி மாந்தர். 1972-இல் இலெவொண்டின் என்னும் அமெரிக்க அறிஞர் கணக்கிட்டார். மாந்தரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கட்கூட்டத்துக்குள்ளேயே உள்ளது. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே உள்ளது எஞ்சிய சிறுபகுதியே. குருதி வகையைப் பாருங்கள்: ஏ, பி, ஓ என்னும் மாற்றுருக்கள் எல்லா நாட்டாரிடத்தும் உள. பொன்னமராவதியில் அடிபட்டுக் கிடப்பவனுக்கு உடன்பிறந்தான் குருதி பொருந்தாமல், பெயரறியாத அயலான் குருதி பொருந்துவதும் உண்டு. 'தூய குருதி' என்னும் சொல்லைத் தோண்டினால் அடியில் சாதி கிடக்கும், வேறொன்றும் கிடையாது.

ஒன்று சொல்வேன், சிலர்க்குச் சினம் வரலாம். தாய்மாமனை மணந்தவளின் பிள்ளைக்கு, ஒரு மரபணுவின் இரண்டு படிகளும் ஒரே முன்னோரின் ஒரே படியிலிருந்து வந்தனவாக அமைய 8-இல் 1 பங்கு வாய்ப்புண்டு. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் 16-இல் 1 பங்கு. தீய மாற்றுரு ஒற்றைப்படியாக மறைந்து கிடந்தால் பெரும்பாலும் துன்பமில்லை. இரண்டு படியாய்க் கூடினால் பிள்ளைக்கு நோய். சொத்து வெளியே போகாதென்று மணமுடிக்கின்றோம். நோயும் வெளியே போவதில்லை.

அப்படியானால் மொழியில் மட்டும் தூய்மை எதற்கு என்பீர்கள். 'டேங்கு' என்னும் ஒரு சொல் வந்து உட்கார்ந்தால் கண்மாய், ஏரி, ஊருணி, ஏந்தல், குளம், குட்டை ஆகிய அனைத்தும் எழுந்து போகின்றன. நாம் அயற்சொல்லை விலக்குவது நம் சொற்களின் பன்மையைக் காக்கவே. குழியடிச்சான் என்னும் சொல் செத்தால் நெல்லைத் தேடுவோன் எதைச் சொல்லித் தேடுவான்?

திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் செயராமன் ஊர் ஊராய் நடந்து 174 மரபு நெல் வகைகளை மீட்டுவிட்டு 2018-இல் மறைந்தார். அவர் தொடங்கியதும் கைப்பிடியளவில்தான். அடுத்த திங்கள் வரும்போது உங்கள் ஊரில் எஞ்சியுள்ள ஏதேனும் ஒரு பழைய வித்தைக் கைப்பிடியளவு முடிந்து கொணருங்கள். பெயர் தெரியாவிடினும் கொணருங்கள். பெரியவர்கள் பார்த்துச் சொல்வார்கள், எழுதிக்கொள்வோம். குறிப்பேடு நான் கொண்டுவருகின்றேன். வினாவிய அந்த இளைஞரும் வரவேண்டும்.